லேப்டாப் மாடிக்கு வரட்டும்

கடிதம்

அன்புள்ள அண்ணா,

வானம் பார்ப்பது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இது கொஞ்சம் வீட்டு விவகாரம். உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். வேறு யாரிடம் சொன்னாலும் இது புரியாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மகனுக்கு எட்டு வயது நடக்கும்போது எட்டு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன். முதல் நாள் சனிக் கிரகம். ஐபீஸில் கண்ணை வைத்துப் பார்த்தவன், எதுவும் பேசாமல் குழாயின் முன்பக்கம் போய் எக்கி உள்ளே பார்த்தான். யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். அன்றைக்குத் தொடங்கியது. ஆறு வருடம், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை ராத்திரிகளில், மேகம் இல்லையென்றால் நாங்கள் இருவரும் மொட்டை மாடியில்தான். மெசியே பட்டியலின் 110 வான்பொருட்களில் 73 முடித்தோம். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

இப்போது அவனுக்குப் பதினாறு. ஒன்றரை வருடமாக அவன் போக்கு மாறிவிட்டது. சேர்த்துவைத்த காசில் சின்னதாக ஒரு லென்ஸ் டெலஸ்கோப், அதைத் தாங்கித் திருப்ப ஒரு மோட்டார் மவுண்ட், கேமரா என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொண்டான். மாடியில் கொண்டுவந்து வைப்பான், அரைமணி நேரம் ஏதோ திருகுவான், அப்புறம் கீழே தன் அறைக்குப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஆரம்பத்தில் லேப்டாப்பையும் மேலேயே வைத்திருந்தான். அந்த வெளிச்சத்தில் என் கண் இருட்டுக்குப் பழகமாட்டேன் என்கிறது என்று சொன்னேன். அடுத்த தடவை நீளமாக ஒரு கேபிளைப் போட்டுக் கீழே இறக்கிக்கொண்டான். இப்போது மேலே நான் மட்டும்தான், பக்கத்தில் அவன் மவுண்டின் மோட்டார் சத்தம்.

போன மாதம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நீ எங்கடா வானத்தைப் பார்க்கிற? மெஷின் பார்க்குது, நீ டவுன்லோடு பண்ற." அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "உங்களுக்கு வானம் பிடிக்காதுப்பா. ஐபீஸ்தான் பிடிக்கும்." அதற்குப் பிறகு வானம் பற்றி நாங்கள் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் நாங்கள் பெரிதாகப் பேசியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நோட்டில் இன்னும் 37 பாக்கி. அவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கவா? இல்லை, இரண்டு பேருக்கும் புதிதாக வேறு எதையாவது ஆரம்பிக்கலாமா? எங்கே தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

எங்கே தவறவிட்டேன் என்று கேட்கிறீர்கள். அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூன்றாவது பத்தியில், போகிற போக்கில், இரண்டே வரியில். லேப்டாப்பை அவன் முதலில் மேலேதான் வைத்திருந்தான். உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் என்று நீங்கள் சொன்னீர்கள், அவன் கேபிள் தேடிக்கொண்டு கீழே போனான். பையன் ஒதுங்கிப் போய்விட்டதாக நினைத்து எனக்கு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் படித்த கடிதத்தில் அப்பாவின் கண் கெடக் கூடாது என்று இடத்தைக் காலி செய்துகொடுத்த ஒரு பையன்தான் இருக்கிறான். பதினாறு வயதில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கேபிள் வாங்கப் போகிறவன் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது நிமிடத்திலிருந்து அரைமணி நேரம் ஆகும், வெள்ளைத் திரை ஒன்றை ஒரு தடவை பார்த்தால் அத்தனையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மங்கலான ஒரு கேலக்ஸியைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் எவனாவது செல்போனைத் திறந்தால் எனக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்த அரைமணி நேர இருட்டைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் கொடுத்தது எது என்று பாருங்கள்.

"மெஷின் பார்க்குது" என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கும் பங்கு இருக்கலாம். கண்ணால் பார்ப்பதே பார்வை, படம் எடுப்பதெல்லாம் அப்புறம் என்கிற மாதிரி ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டு அவனிடம் பேசியிருந்தீர்கள் என்றால் பாதிப் பழி எனக்கு. அந்தக் கருத்து இப்போது எனக்கு இல்லை. அவன் மாடியில் "ஏதோ திருகுவான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் திருகல் என்னவென்று ஒரு நாளாவது கேட்டீர்களா? மவுண்டின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைக்கிறான். அது கொஞ்சம் பிசகினாலும் மூன்று நிமிட எக்ஸ்போஷரில் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுத்துவிடும். அப்புறம் ஃபோகஸ். ராத்திரி குளிர ஆரம்பித்தால் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகரும், மறுபடி பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் தூசியும் ஓரத்து இருட்டும் படத்தில் விழாமலிருக்கத் தனியாகச் சில படங்கள், கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்கு மூடியைப் போட்டுக்கொண்டு சில படங்கள். நாலு மடங்கு படம் எடுத்தால்தான் இரைச்சல் பாதியாகக் குறையும் என்பது கணக்கு, அதனால்தான் ஒரே இடத்தை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கிறான். நம்முடைய கண் ஒரு நொடியில் சின்னத் துண்டளவுக்கு வந்த வெளிச்சத்தைத்தான் சேர்த்துப் பார்க்கும், போன நொடியில் வந்ததைச் சேமித்துவைக்காது. அவன் மூன்று நிமிடப் படமாக அறுபது எடுத்தால் மூன்று மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். அத்தனையும் அங்கிருந்து வந்த வெளிச்சம்தான், கம்ப்யூட்டர் வரைந்தது இல்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, அதனால் நாம் சாம்பலாகப் பார்க்கிற நெபுலாவை, அந்த வாயு மேகத்தை, அவன் சிவப்பாகப் பார்க்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் சொன்ன பதில் இருக்கிறதே, "உங்களுக்கு ஐபீஸ்தான் பிடிக்கும்" என்பது, அது உங்களைச் சுட்டிருக்கிறது, இல்லாவிட்டால் வார்த்தை மாறாமல் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அவன் சொன்னது முக்கால்வாசி சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மிச்சம் கால்வாசி என்னவென்றால், உங்களுக்குப் பிடித்தது ஐபீஸும் இல்லை. ஐபீஸுக்குப் பக்கத்தில் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்த எட்டு வயதுப் பையனைத்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. அவன் இனி வரமாட்டான். அவனுக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, வேண்டாம்.

என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எங்களிடம் இருந்தது ஆறு அங்குலம். அதுவும் டாப்சோனியன்தான், மோட்டார் கிடையாது, கையால் தள்ளுவதுதான். பூமி சுற்றுவதால் வானம் நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும், உங்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் ஐபீஸைப் போட்டால் அரை டிகிரி வானம்தான் தெரியும், நடுவில் கொண்டுவந்து வைத்த பொருள் ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடத்தில் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும். அதனால் ஒருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று விலக வேண்டும், அடுத்தவர் உடனே கண்ணை வைக்க வேண்டும். அப்பா குழாயை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு நடுவுக்குக் கொண்டுவருவார். அந்தத் தொடுகை எனக்கு இன்னும் கைவரவில்லை. நான் தள்ளினால் அது எங்கேயாவது போய் நிற்கும்.

என் வேலை டார்ச் பிடிப்பது. கண்ணாடிமேல் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். வரைபடத்தில் அவர் விரல் போகும் இடத்துக்கு என் டார்ச் போக வேண்டும், ஒரு இஞ்ச் விலகினாலும் "எங்கடா பார்க்கிற?" என்பார். வீட்டில் எதையாவது ரிப்பேர் பண்ணும் அப்பாவுக்கு டார்ச் பிடித்த எந்தப் பையனுக்கும் அந்தக் குரல் தெரியும். எத்தனையோ வருடம் பிடித்தேன். வரைபடத்தை ஒரு நாளும் என் கையில் கொடுத்ததில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஆனால் கண் பழகுவதற்காகக் காத்திருக்கும் அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதில் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. டார்ச்சும் அணைந்திருக்கும். இரண்டு பேரும் தரையில் முதுகைப் போட்டுப் படுத்திருப்போம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டில் பேசப்பட்ட முக்கியமான விஷயங்கள் எல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. ஒரு நாள் கணக்கில் ஃபெயில் ஆனதை அங்கேதான் சொன்னேன். "எவ்வளவு?" என்றார். "பதினெட்டு" என்றேன். நெடுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் "வேகா நட்சத்திரம் மேல ஏறிடுச்சு பாரு" என்றார். மறுநாள் காலை வெளிச்சத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. ஆனாலும் சொல்ல முடிந்தது. எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவது சிரமமான காரியம். இரண்டு பேரும் மூன்றாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு தானாகக் கசியும். செஸ் போர்டோ, தூண்டிலோ, தபால் தலை ஆல்பமோ எதுவாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஒன்று இன்னும் இருக்கிறது. இடம்தான் ஒரு மாடி கீழே இறங்கியிருக்கிறது.

ஒரு ராத்திரி வளைய நெபுலா. மெசியே பட்டியலில் எம் 57. எனக்குப் பதினொரு வயது. லைரா நட்சத்திரக் கூட்டத்தில் கீழே இருக்கும் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில், புகை வளையம் மாதிரி, நகத்தளவுகூட இருக்காது. அப்பா கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. "வாடா, வாடா" என்றார், அவ்வளவு சந்தோஷமாக அவர் குரலை நான் கேட்டதில்லை. கண்ணை வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்கச் சொன்னார், பார்த்தேன், தெரியவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டே நின்றேன். கடைசியில் "தெரியுதுப்பா" என்று சொல்லிவிட்டேன். "வட்டமா இருக்கா?" "வட்டமா இருக்கு." அவர் வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். குழாயை விரலால் ஒரு தடவை தொட்டார். "சரி, அடுத்தது" என்றார்.

இதை அப்படியே விட்டுவிட்டு ஹெர்ஷல் குடும்பத்துக்குப் போகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்கள்தான்.

அப்பா வில்லியம் ஹெர்ஷல் தொழிலில் சங்கீதக்காரர், வானம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1781 மார்ச் 13 அன்று, தானே செய்த டெலஸ்கோப்பில், ஆறு அங்குலத்தைவிடச் சற்றே பெரிய கண்ணாடியில், யுரேனஸைப் பார்த்துவிட்டார். கண்ணாடி தேய்க்க உட்கார்ந்தால் கையை எடுக்க மாட்டார். ஒரு தடவை பதினாறு மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்தாராம், தங்கை கரோலின் பக்கத்தில் நின்று அவருக்கு ஊட்டிவிட்டிருக்கிறார். கரோலினும் நம்மைப் போல டார்ச் பிடித்தவர்தான், அண்ணன் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதுவது அவர் வேலை. 1786-ல் அண்ணன் வெளிநாடு போயிருந்த நாட்களில், தனக்கென்று இருந்த சின்ன டெலஸ்கோப்பில் முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். மொத்தம் எட்டு. அண்ணன் ஊரில் இல்லாத நேரம் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மகன் ஜான் ஹெர்ஷலுக்கு வானத்தில் முதலில் பெரிய பிடிப்பு இல்லை. கணிதத்தில் கெட்டிக்காரர், சட்டம் படிக்கப் போனார், திரும்பக் கல்லூரிக்கே வந்தார். 1816-ல், அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டி உடம்பு தளர்ந்த பிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவின் வேலையை எடுத்துக்கொண்டார். 20 அடி டெலஸ்கோப்புக்குப் புதுக் கண்ணாடியை அப்பா மேற்பார்வையில் மகன் தேய்த்தார். 1822-ல் அப்பா இறந்தார். அப்பா பார்த்த நெபுலாக்களை மகன் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார், அப்புறம் அதே டெலஸ்கோப்பைக் கப்பலில் ஏற்றித் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் கொண்டுபோய், 1834-லிருந்து 1838 வரை, அப்பாவால் பார்க்கவே முடியாமல்போன தென்பாதி வானத்தையும் பார்த்து முடித்தார். உங்கள் பையனுடைய மவுண்டில் என்ஜிசி என்ற பட்டியலின் எண்ணைத் தட்டினால் அது போய் நிற்கிறதே, அந்தப் பட்டியலை 1888-ல் டிரையர் என்ற வானியலாளர் தொகுத்தார், அதற்கு அடிப்படை இந்த அப்பாவும் அத்தையும் மகனும் சேர்த்துவைத்தது.

உங்களுக்கு நான் சொல்லவந்தது இதுகூட இல்லை. இந்த ஜான்தான் 1839-ல் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்த கட்டுரையில் ஃபோட்டோகிராபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். எடுத்த படம் கறுத்துப்போகாமல் நிலைக்கவைக்கும் 'ஹைப்போ' என்ற உப்பின் குணமும் அவர் கண்டறிந்ததுதான். அதே வருடம் கண்ணாடித் தகட்டில் அவர் எடுத்த ஒரு படம் இன்றைக்கும் இருக்கிறது. படத்தில் இருப்பது அப்பாவின் 40 அடி டெலஸ்கோப்பைத் தாங்கிநின்ற மரச் சட்டம். நாலு அடிக் கண்ணாடி போட்ட அந்தப் பிரமாண்டம் மரம் இற்று ஆபத்தாகிவிட்டதால் பிரிக்க வேண்டியிருந்தது, அதற்குமுன் மகன் அதைப் படம் எடுத்துவைத்தார். பிரித்த பிறகு, 1840 பிறக்கும்போது, குடும்பத்தோடு அந்தக் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்து அதற்கு ஒரு பாட்டுப் பாடி விடைகொடுத்திருக்கிறார்கள். ஐபீஸ்காரரின் மகன் கேமராக்காரர். அப்பா இருந்திருந்தால் மெஷின் பார்க்குது என்று சொல்லியிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. 1800-லேயே, சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கிறது என்பதை ஒரு தெர்மாமீட்டரை வைத்துக் கண்டுபிடித்த மனுஷர் அவர்.

சரி, என்ன செய்யலாம்? புதிதாக வேறு எதையும் ஆரம்பிக்காதீர்கள். பதினாறு வயதுப் பையனிடம் "வா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு கத்துக்கலாம்" என்று போய் நின்றால் அவன் சங்கடத்தில் நெளிவான், நீங்களும்தான். லேப்டாப்பைத் திரும்ப மாடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், முதல் வேலை அதுதான். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம், "கீழ மேலன்னு எதுக்கு ஏறி இறங்கற, மேலயே வெச்சுக்கோ" என்றால் போதும், அவனுக்குப் புரியும். வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை என்றால் திரைக்கு வழி இருக்கிறது, பின்குறிப்பில் சொல்கிறேன். அப்படியும் சில ராத்திரி உங்கள் கேலக்ஸி தெரியாமல்போகும். போகட்டும்.

அடுத்தது, டார்ச்சை நீங்கள் பிடியுங்கள். கேமராவின் இரைச்சலைக் கழிக்க மூடியைப் போட்டு எடுக்கிற படங்கள் என்று சொன்னேனே, டார்க் ஃப்ரேம் என்பார்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யாராவது எழுந்துபோய் மூடியைப் போட வேண்டும். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவன் "இப்போ போடுங்க" என்றால் போடுங்கள், "இப்போ எடுங்க" என்றால் எடுங்கள். அறிவுரை வேண்டாம். "ஏன் இந்த நெபுலா, அதைவிட அது நல்லா இருக்குமே" என்று ஆரம்பிக்கவே வேண்டாம், எதை எடுப்பது என்பது அவன் இஷ்டம். படம் வந்ததும் யாருக்கெல்லாம் அனுப்பலாம், எந்தப் போட்டிக்குப் போடலாம் என்று கணக்குப் போடுகிற அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன், பையன் ஆறு மாதத்தில் கேமராவை விற்றுவிடுவான்.

ஒரு நாள் அவன் மவுண்ட் சொதப்பும். எல்லா மவுண்டும் சொதப்பும். எண்ணைத் தட்டுவான், அது எங்கோ போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும், மூன்று முறை சரிசெய்தும் வராது. அன்றைக்கு, வெறும் கண்ணால் இந்த நட்சத்திரத்திலிருந்து அந்த நட்சத்திரத்துக்குத் தாவித் தாவி இடத்தைக் காட்டத் தெரிந்த ஆள் அந்த மாடியில் நீங்கள் ஒருவர்தான். காட்டிக்கொடுங்கள். "பார்த்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாக்கு நுனிவரைக்கும் வரும், எனக்குத் தெரியும்.

37 பற்றி என்னைக் கேட்டால், தனியாகப் போய் முடித்துவிடாதீர்கள். அவன் படமாக எடுத்தால் அதையும் அந்த நோட்டில் சேர்க்கலாம், எத்தனை மணி நேர எக்ஸ்போஷர் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம். ஒருவேளை அவனுக்கு அதில் அக்கறை இல்லாமல் இருக்கலாம். மெசியே அந்தப் பட்டியலைப் போட்டதே வால்நட்சத்திரம் தேடும்போது குறுக்கே வந்து ஏமாற்றும் பொருட்களை ஒதுக்கிவைக்கத்தான், அவர் ஆசைப்பட்டுப் பார்த்தவை இல்லை. 73-ல் நின்றால் வானம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

எம் 57-க்கு வருகிறேன். அப்பாவுக்கு இப்போது மாடி ஏற முழங்கால் விடுவதில்லை. போன வருடம் ஒரு நண்பரின் மவுண்டையும் கேமராவையும் கடன்வாங்கி, வளைய நெபுலாவை எடுத்து, லேப்டாப்பில் அவருக்குக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் எடுத்த?"

"நாலு மணி நேரம்பா. ரெண்டு ராத்திரி."

"அவ்வளவு நேரமும் நடுவுலயே நின்னுச்சா?"

"மோட்டார் இருக்குல்ல."

தலையை ஆட்டினார். "அன்னைக்கு உனக்கு ஓடிப்போச்சு" என்றார். "நீ கண்ணை எடுத்ததும் பார்த்தேன், ஒண்ணுமே இல்ல. வெறும் நட்சத்திரம்தான் இருந்துச்சு."

இத்தனை வயதில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அப்பவே ஏன்ப்பா சொல்லல?" என்றேன்.

"நீதான் தெரியுதுன்னியே" என்றார்.

அப்புறம் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, வளையத்துக்கு நடுவில் இருந்த வெள்ளைப் புள்ளியை விரலால் தொட்டு, "இது என்னடா?" என்று கேட்டார். எங்கள் ஆறு அங்குலத்தில் அது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. அந்த வளையம் முழுக்க அதிலிருந்து வெளியே போன வாயுதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

அன்புடன்.

பி.கு. திரைமேல் ஒட்டுவதற்குச் சிவப்பு பிளாஸ்டிக் தாள், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவது, எங்கேயும் கிடைக்கும். ஒரு தாள் போதாது, இரண்டு மூன்றாக மடித்துப் போடுங்கள். லேப்டாப்பின் பிரகாசத்தையும் அடியோடு குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் டாப்சோனியனை ஒரு பத்தடி தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் வேண்டாம்.